எழுபத்தைந்து சென்ட்டுக்குப் போன பெயர்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்கிற கூச்சமே இல்லாமல் போய்விட்டது. போட்டுத் தேய்ந்த செருப்பை விற்கிறார்கள், பிள்ளை கடித்த பொம்மையை விற்கிறார்கள், பாதி எரிந்த மெழுகுவத்தியைக்கூட வாசலில் வைத்து விற்கிறார்கள். 1997 ஜூன் பதினான்காம் தேதி, சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, நியூ ஜெர்சி ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு வீட்டு வாசலில், மயில்சாமியின் பெயர் எழுபத்தைந்து சென்ட்டுக்கு விலைபோனது. ஒரு டாலர் என்று ஒட்டியிருந்தது. வாங்கியவர் பேரம் பேசிக் குறைத்தார்.

மயில்சாமி பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் நாற்பது வருஷம் தரகு பார்த்தவர். பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவர். ஆனால் மாட்டின் நடையைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடுவார், மனிதன் சொன்னதை ஒரு தடவைக்கு நம்ப மாட்டார். ஏப்ரலில் மகன் இனியன் வீட்டுக்கு வந்திருந்தார், ஆகஸ்ட்டில் திரும்பிப் போக டிக்கெட். அதற்குள் இனியனுக்கு டெக்சாஸில் வேலை கிடைத்து வீட்டைக் காலிசெய்யும்படி ஆனது. "சாமான் ஏத்திட்டுப் போற மூவர்ஸ் வெயிட்டுக்குத்தாங்க மாமா சார்ஜ் பண்றாங்க. பாதியை வாசல்ல யார்ட் சேல் போட்டுக் கழிச்சிரலாங்க" என்றாள் மருமகள் வான்மதி. அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. டவுன்ஷிப் ஆபீஸில் முன்கூட்டியே பர்மிட் வாங்கினாள், பேப்பரில் மூன்று வரி விளம்பரம் கொடுத்தாள், தெருமுனைகளில் அம்புக்குறி போட்ட அட்டைகளை நட்டாள். போகிற கார் நிற்க வேண்டும் என்று புல்வெட்டும் மெஷினையும் சைக்கிளையும் ரோட்டோரம் நிறுத்தினாள். துணிகளை மடித்து வைக்காமல் தொங்கவிட்டாள். விற்றது திரும்ப வாங்கப்பட மாட்டாது என்று பெரிய எழுத்தில் எழுதி மரத்தில் கட்டினாள். எல்லாப் பொருளின் மேலும் ஆரஞ்சு வட்டத்தில் விலை ஒட்டினாள். மயில்சாமிக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

"வெலையக் கெழக்கால மேக்கால எல்லாத்துக்கும் தெரியற மாதிரி ஒட்டிப்போட்டு அப்பறம் என்ன ஏவாரம்?"

"இங்க அப்படித்தானுங்ப்பா" என்றான் இனியன்.

"இங்க, இங்கன்னு சொல்லியே எல்லாத்தையும் பண்ணிப்போடுங்க."

அப்படிக் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் வான்மதி எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். ஏப்ரலில் அவர் நெய் கொண்டுவந்த போசி. வாங்கிய கடையிலேயே அதன் வயிற்றில் மயில்சாமி என்று புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுத்திருந்தார்கள். "மூடி சேர மாட்டேங்குதுங்க மாமா. இதையும் போட்ரலாங்களா?" என்று கேட்டாள். "என்னையும் சேத்துப் போடு" என்றார் அவர். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஒரு டாலர் ஒட்டினாள்.

வாங்கியவர் பெயர் வால்ட்டர். பக்கத்து ஊரான சவுத் ரிவரில் தனியாக இருந்த, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தூண்டிலுக்கு மண்புழு போட்டுவைக்க மூடியுள்ள பாத்திரம் தேடி வந்தவர். மூன்று கால் டாலர் காசைக் கொடுத்தார், வான்மதி பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள், கார் கிளம்பியது. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மயில்சாமிக்குப் பல் விழுந்த இடத்தை நாக்கு துழாவுவதுபோல் உள்ளே ஓரிடம் காலியாகத் தட்டுப்பட்டது. விற்றது விற்றதுதான் என்பதால் இனி அவரைப் பெரியவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

மத்தியானம் இரண்டு மணிக்குள் எல்லாம் தீர்ந்தது. அம்புக்குறி அட்டைகளைக்கூட ஒருத்தி கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அந்தத் தெருவில் அப்படி ஒரு யார்ட் சேல் அதுவரை நடந்ததில்லை என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். திங்கட்கிழமை இனியன் கிரீன் கார்டு ஃபாரம் நிரப்பும்போது, தகப்பனார் பெயர் என்ற கட்டத்தில் மட்டும் மை இறங்கவில்லை. நான்கு பேனா மாற்றினான். வாயால் சொல்லிப் பார்த்தான், உதடு மூடித் திறந்தது, சத்தம் வரவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்தார்கள். போட்டோ இருந்தது, பிறந்த தேதி இருந்தது, பெயர் இருந்த இடம் துவைத்த வேட்டிபோல் வெள்ளையாக இருந்தது. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்ட குருக்கள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு நட்சத்திரத்தை மட்டும் சொல்லி முடித்தார். பெரியவராலேயே அதைச் சொல்ல முடியவில்லை. பெயரில்லாமல் எந்த விமானத்தில் ஏற்றுவார்கள்? ஏறி இறங்கினாலும் சந்தையில் எந்தத் தரகன் என்று நிற்பது? "பெத்த அப்பன் பேர வித்துப் பெட்டி கட்டற குடும்பம் உலகத்துலயே இது ஒண்ணுதான்டா" என்று ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளித் தள்ளி வைத்தார். வான்மதி, "நீங்கதானுங்க மாமா போடுன்னு சொன்னீங்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டு அறைக்குள் போய் அழுதாள்.

ஜூலை முதல் வாரம் பொள்ளாச்சியிலிருந்து பெரியவரின் தம்பி வெள்ளியங்கிரி இனியனுக்குப் போன் செய்து கண்டபடி திட்டினார். "ஏன்டா, வயசான மனுசனத் தனியா உட்டுப்போட்டீங்களா? அண்ணன் சவுத் ரிவர்ல ஒண்டியா இருக்கறாராமா. தெனம் அவருகிட்டத்தான் பேசீட்டிருக்கறேன். காலையில மீன் புடிக்கப் போறாராமா." மயில்சாமி என்று கேட்டுப் போட்ட போனெல்லாம் தானாகவே வால்ட்டர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்று வாரத்தில் அவர் தென்னைக்கு உரம் வைப்பது பற்றியும் ஒரு வாய்க்கால் தகராறு பற்றியும் வெள்ளியங்கிரிக்கு யோசனை சொல்லியிருந்தார். இரண்டும் நல்ல யோசனை என்றார் வெள்ளியங்கிரி.

அந்தச் சனிக்கிழமை இனியன் வெள்ளியங்கிரியிடம் விலாசம் கேட்டு வாங்கி, செக் புத்தகத்தோடு பெரியவரை சவுத் ரிவருக்கு அழைத்துப் போனான். தபால் பெட்டியில் மயில்சாமி என்று புதுப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. வெள்ளைக்காரர் கதவைத் திறந்து, "வாங்க வாங்க, உக்காருங்க. மோரு குடிக்கறீங்களா?" என்றார். போசி சாப்பாட்டு மேசையில், விபூதி போட்டுத் துலக்கியதுபோல் பளிச்சென்று இருந்தது. மண்புழுவுக்கு அவர் காப்பி டப்பா வாங்கிக்கொண்டாராம்.

"அது எம் பேருங்க" என்றார் பெரியவர்.

"காசு குடுத்து வாங்குனதுங்க" என்றார் அவர். குரலில் சண்டை இல்லை. மனைவி போன பதினோரு வருஷத்தில் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கரண்ட் பில் ஒன்றுதான் என்றார். இப்போது சாயங்காலமானால் ஒருத்தர் பத்தாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து சாப்பிட்டீங்களா என்று கேட்கிறார்.

பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். சந்தையில் விலை பேசுவது வாயால் அல்ல. இரண்டு கையையும் துண்டால் மூடிக்கொண்டு விரலைப் பிடித்துத்தான். பிடித்த விரல் எத்தனையோ அத்தனை விலை. வெள்ளைக்காரனுக்கு இது எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தார். வெள்ளைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் துண்டுக்குள் கையை நீட்டினார். அவர் பிடித்த பிடியில் நாற்பது வருஷப் பழக்கம் இருந்தது. பெரியவர் விரலுக்குப் பத்து என்று இரண்டு விரலைப் பிடித்தார், இருபது டாலர். அசைவில்லை. நான்கு பிடித்தார். கை முழுவதையும் பிடித்தார். கடைசியில், ஊரில் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் கிணற்றுப் பங்கையே வைக்கிறதுபோல் ஒரு அழுத்து அழுத்தினார். துண்டுக்குள் அந்தக் கை மெல்ல மூடி முஷ்டியானது. விற்பதற்கில்லை என்று அர்த்தம். கடன் கழுத்தை நெரித்தபோதும் மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பிப் போன இரண்டு குடியானவர்களிடம்தான் அந்த முஷ்டியைப் பெரியவர் பார்த்திருந்தார்.

துண்டை எடுத்தார்கள். இரண்டு பேரின் கையும் வேர்த்திருந்தது.

"எவ்வளவு கேக்கறாருங்ப்பா?" என்றான் இனியன் பேனாவைத் திறந்தபடி.

"கேக்கல."

"நூறு வேணும்னா எழுதிக் குடுத்தர்றனுங்."

"நீங்க ஒட்டுன வெலைக்கு மேல உங்களுக்கு என்னடா தெரியும்" என்றார் பெரியவர்.

அவர் வாசலில் இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டார். உள்ளே போன் அடித்தது, வெள்ளைக்காரர் ஓடிப்போய் எடுத்து, "ஆமா, மயில்சாமிதான் பேசறேன், சொல்லு வெள்ளியங்கிரி" என்றார். அவ்வளவு தெளிவாக அந்தப் பெயரைப் பெரியவரே எந்நாளும் சொன்னதில்லை. இதெல்லாம் நடிப்பு, இன்னும் ரெண்டு வாரம் போனால் எவனாயிருந்தாலும் விலையில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவர் நடந்தார். கார் நின்ற இடத்தையும் தாண்டி நடந்தார். பின்னால் இனியன் "அப்பா" என்று கூப்பிட்டான். அது வாயில் நன்றாகவே வந்தது. இன்னொரு தடவையும் கூப்பிட்டான். அவர் திரும்பவில்லை. அதை மட்டும் விற்காமல் எத்தனை நாளைக்கு வைத்திருப்பான் என்று யார் கண்டது.