குடத்தைத் திருப்பிக் கொடுத்த நாள்

மணலூர்பேட்டையில் பிளாஸ்டிக் குடம் விற்றுக்கொண்டிருந்த ரம்ஜான் பீவியிடம், உனக்கே தண்ணீர் பிடிக்க ஒரு குடம் இல்லாமல் போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். பெண்ணையாறு ஒரே நாளில் கடையையும் வீட்டையும் வாரிக்கொண்டு போனது. பன்னிரண்டு குடும்பங்களோடு எலவனாசூர்கோட்டைக்கு அருகே ஒரு சிற்றூரின் சமுதாயக் கூடத்தில் வந்து இறங்கினாள். அன்றைக்கே எதிர்வீட்டுத் தங்கமணி ஒரு குடத்தை நீட்டினாள். ஊரே மூன்று நாள் முகம் சுளிக்காமல் சோறு போட்டது.

பிறகு ஒரு தொண்டு நிறுவனம் கூடத்து முற்றத்தில் வடிகட்டியோடு பெரிய தொட்டி வைத்தது. வெள்ளத்தில் வந்தவர்களுக்கு மட்டுமாம். சோறு போட்ட தெருவுக்கோ, மழைக்குப் பிறகு கலங்கி நாறுகிற அதே கைப்பம்பு. தானம் செய்கிறவர்களுக்கும் சில நேரம் ஒரு கண் மூடிக்கொள்கிறது.

தங்கமணியின் நாலு வயது மகன் ஆகாஷுக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. நர்ஸ் கொடுத்த உப்புச் சர்க்கரைப் பொடியை அவள் அந்தப் பம்புத் தண்ணீரிலேயே கரைத்துக்கொண்டிருந்தாள். பார்த்த ரம்ஜான் பீவி அவள் கையைத் தடுத்தாள்.

"இன்னா தங்கமணி இது? எங்க தொட்டியில புடிச்சிக்கினு வரக் கூடாதா?"

"வேணாங்க்கா. வூடு வாசல ஆத்துக்குக் குடுத்துட்டு வந்து குந்திக்கினு இருக்கீங்க. உங்களுக்கு வந்ததுல கை வச்சா அடுக்குமா? துணியில வடிகட்டித்தான் குடுக்கறேன்."

எவ்வளவு சொல்லியும் மசியவில்லை. பையனோ துவண்டு கிடந்தான். ரம்ஜான் பீவி விடுவிடுவென்று கூடத்துக்குப் போனாள். தங்கமணி கொடுத்த குடத்தைத் துலக்கி, கழுத்துவரை நிரப்பி, கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

"உன் கொடம். எனக்கு நிவாரணத்துல வேற வந்திருச்சி."

"தண்ணியோட எதுக்குக்கா?"

"இரவல் வாங்குன ஏனத்த வெறுமனே திருப்பிக் குடுக்கறதா? எங்க வூட்டுல அந்த வழக்கம் இல்ல. உங்க வூட்டுல உண்டா?"

குழம்பு வந்த கிண்ணத்தில் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தானே தங்கமணியும் திருப்பிக் கொடுப்பாள். குனிந்து குடத்தைத் தூக்கினாள். இரண்டாம் நாள் ஆகாஷ் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. தெருப் பெண்கள் ஆளுக்கொரு குடத்தோடு கூடத்து வாசலில் வந்து நின்றார்கள். "எங்க கொடத்தையும் கொஞ்ச நேரம் இரவலா வச்சிக்கோங்க்கா" என்றார்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. ரம்ஜான் பீவி அத்தனையையும் வாங்கி, நிரப்பித் திருப்பினாள். இடுப்பு ஒடிந்துபோயிற்று. தொட்டியைப் பார்வையிட வந்த தொண்டு நிறுவன இன்ஜினியர் சிவரஞ்சனி இந்தக் கூத்தைக் கண்டு விசாரித்தார். அந்த வாரமே தொட்டியிலிருந்து தெருவுக்கும் ஒரு குழாய் இழுத்துக் கொடுத்தார்.

குழாய் திறந்த அன்று தங்கமணி ரம்ஜான் பீவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்புள்ளைய எழுப்பி வுட்டுட்டீங்க்கா. உங்கள மறக்க மாட்டேன்."

ரம்ஜான் பீவி அழுதுவிட்டாள். முப்பது வருஷம் வீடு வந்தவர்களுக்கெல்லாம் ஆக்கிப் போட்ட கை அது. வெள்ளம் வந்த நாளிலிருந்து சோறு, துணி, பாய் என்று வாங்கி வாங்கிக் கூசிப்போயிருந்தது.

"நீ வாங்கிக்கினியே தங்கமணி, அதுக்கு நான்தான் உனக்கு நன்றி சொல்லணும்" என்றாள்.