வாங்க என்றதும் வந்த கடல்

போன வருடம் மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்குச் சற்று முன்பு, மலேசியாவில் மலாக்கா ஊரின் தெங்கேராவில் கடல் சாலையைக் கடந்து வந்து தங்கையாவின் காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தது. சிவப்பு விளக்குக்கு நின்று, பச்சை விழுந்த பிறகுதான் கடந்தது என்கிறார் அங்கே மளிகைக்கடை வைத்திருக்கும் வீராசாமி. அவர் பொய் சொல்லும் ஆள் இல்லை, கண்ணுகளா.

தங்கையா முப்பத்து நான்கு வருடம் எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்த ஊரில் நிறுத்தினாலும் இருபது நிமிடம்தான். இருபத்தோராவது நிமிடம் ஹார்ன் அடித்துவிடுவார், சொந்தக் காரிலும். மனைவி சுசீலா பள்ளிக்கூட கேண்டீன் நடத்தி ஓய்ந்தவள். கடலில் ஒரு தடவை கால் நனைக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. முன்பு லுமுட் கடற்கரையிலும் போர்ட்டிக்சன் கடற்கரையிலும் அந்த ஆசை ஹார்ன் சத்தத்தில் போயிற்று. அன்று ஜொகூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு, சுங்கை சிப்புட்டில் இருக்கும் தங்கள் வீட்டுக்குத் திரும்புகிற வழியில் தெங்கேராவில் நிறுத்தினார்கள். அடுத்த மாதம் அவருக்குக் கண் ஆபரேஷன். அதற்குப் பிறகு நீளமாகக் கார் ஓட்ட மகள் விடமாட்டாள். இதை விட்டால் வேறு கடல் இல்லை.

"மூணு மணிக்கு ஹார்ன் அடிப்பேன்," என்றார் தங்கையா.

"அடிங்க. நான் என்ன உங்க பேசெஞ்சரா?"

வீராசாமி கடையில் வழி கேட்டாள்.

"கடலா? அத மண்ணு கொட்டி அந்தாண்ட தள்ளிட்டாங்கக்கா. நடந்தா அரை மணி நேரம் ஆவும் லா."

சுசீலா மணியைப் பார்த்தாள், அரை மணி நேரம் இல்லை. ஆனாலும் ஒரு பெரியவர் வீட்டுத் தெரு வரைக்கும் வந்துவிட்டுச் சொல்லாமல் போவது முறையா? கடல் இருந்த திசையைப் பார்த்து, "கோவிச்சுக்காதீங்க, நேரமில்ல. நீங்க ஒரு நாளு வீட்டுப் பக்கம் வாங்க," என்றாள். நாம் எல்லோரும் எல்லோரிடமும் சொல்வதுதான். ஆனால் அந்தக் கடலிடம் ஐந்நூறு வருடமாகக் கப்பலில் நாடு பிடிக்க வந்தவர்கள் எல்லோரும் கேட்காமல் வந்தவர்கள். அதை வா என்று கூப்பிட்டவர் ஒருவருமில்லை. உடனே புறப்பட்டுவிட்டது.

சுசீலா காரில் ஏறியதும் தங்கையா பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தார். "யாரு இது?"

"நாந்தான் கூப்பிட்டேன்."

"சீட்டு நனையுது பாரு," என்றார். ஆனாலும் ஏறியவரை இறக்கிவிட்டுப் பழக்கமில்லாதவர், வண்டியை எடுத்தார்.

மஸ்ஜித் தானா ஊரைத் தாண்டுவதற்குள் படகுக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் துரத்தி வந்து மறித்தார். தெங்கேரா பக்கத்துப் படகெல்லாம் சேற்றில் உட்கார்ந்திருக்கிறதாம். திருப்பினார்கள். கரையில் கடல் மரியாதையாக இறங்கியது. அதோடு முடிந்திருக்கும். ஆனால் விருந்துக்கு வந்த கடல், இவர்களை வழியனுப்ப சிக்னல் வரைக்கும் கூடவே வந்தது. வயதானதைத் தனியாக ரோட்டில் விட்டுவிட்டுப் போவதா என்று சுசீலா அதைத் திரும்பக் கரையில் கொண்டுவிடச் சொன்னாள். விட்டார்கள். அது மறுபடியும் சிக்னல் வரைக்கும் வந்தது. இப்படி ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் தங்கையா எஞ்சினை அணைக்காமல், ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். சுசீலாவும் கதவைத் திறந்து கும்பிட்டாளே தவிர, கீழே கால் வைக்கவில்லை.

எட்டாவது தடவை அவள் கும்பிடவும் இல்லை. மடியில் கையை வைத்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கையா ஹார்னில் கை வைத்தார், அடிக்கவில்லை.

"நாம வாசல்லயே நின்னு பேசறதால வர்ற வெனை இது," என்றார். "எறங்கு. உள்ள போயி ஒக்காந்துட்டுப் போனாத்தான் இது நம்மள விடும்."

சாவியைத் திருப்பினார். பஸ் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து, எஞ்சின் அணைந்த பிறகு அவர் மணி பார்க்காத முதல் நாள் அது. சுசீலா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் வரைக்கும் இறங்கினாள். அவர் கால்சட்டையை மடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். இருட்டும் வரை இருந்தார்கள். கடல் அதன் பிறகு வழியனுப்ப வரவில்லை.

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தங்கையா இப்போது கார் ஓட்டுவதில்லை. அதனால் பள்ளி விடுமுறையில், படகுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கடல்தான் சுங்கை சிப்புட்டுக்கு வருகிறது. இரண்டு நாள் இருக்கும். சுசீலாக்கா வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டார் துணிக்கொடியைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டிக்கொள்கிறார்கள்.