கண்ணாடியில் தொங்கிய தாயத்து

ராஜலக்ஷ்மிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் வாயைத் திறக்கும்போதே அவர் என்ன கேட்கப் போகிறார் என்று தனக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணமாகி நான்கு வருஷம். ஈரோட்டிலிருந்து அம்மா ஃபோன் செய்தாலும் சரி, இங்கே ஐசலினில் இந்திய மளிகைக் கடையில் முன்பின் தெரியாத ஆன்ட்டி பிடித்துக்கொண்டாலும் சரி, மூன்றாவது வாக்கியத்தில் "ஏம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?" வந்து நிற்கும். அதனால் யார் குழந்தைப் பேச்சை எடுத்தாலும் அந்த இடத்திலேயே வெட்டிவிடக் கற்றுக்கொண்டாள்.

கணவன் சேனாபதி கன்சல்டன்ட். ஞாயிறு சாயங்காலம் பெட்டியை இழுத்துக்கொண்டு சிகாகோவுக்குப் போனால், வெள்ளிக்கிழமை அழுக்குத் துணியோடு திரும்புவான். நடுவில் ஐந்து நாள் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்டில் ராஜியும் டிவியும்தான். வேலைக்குப் போக விசா இடம் கொடுக்காது. கார் வாசலில் சும்மா நின்றது, அவளுக்கு ஓட்டத் தெரியாது. இரண்டு தடவை டெஸ்ட்டுக்குப் போய் இரண்டு தடவையும் ஃபெயில்.

அங்கே அவளுக்கு இருந்த ஒரே துணை கீழ்வீட்டு ஜப்பான்காரி மிச்சிகோ. லாண்டரி அறையில் சில்லறை மாற்றப் போய் ஏற்பட்ட பழக்கம். அவள் கணவருக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. வீடு திரும்ப ராத்திரி பத்தாகும். இருவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை என்பதால் வம்பு பேச வழியில்லை, சிநேகிதம் சுமுகமாக ஓடியது. மிச்சிகோவிடம் லைசென்ஸ் இருந்தது. ராஜி ஓட்டிப் பழக, லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஆகவே அந்தக் குளிர்காலம் முழுக்க, தினமும் பதினோரு மணிக்கு, முழங்கால் வரை தொங்கும் கறுப்புக் கோட்டைப் போர்த்திக்கொண்டு மிச்சிகோ வந்து உட்காருவாள். ராஜி பிரேக்கில் ஏறி மிதித்தால் அவள் கை சட்டென்று வயிற்றுக்குப் போகும். போனாலும் முகம் மாறாமல் "வெரி குட்" என்பாள்.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் பத்து நாள் மிச்சிகோ கதவைத் திறக்கவில்லை. ஒரு நாள் அவள் கணவர் எட்டிப் பார்த்து, "மிச்சிகோ, கோல்ட்" என்று சொல்லிக் குனிந்து வணங்கிவிட்டுக் கதவைச் சாத்தினார். ராஜி மிளகு ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாள் பாத்திரம் பளபளவென்று கழுவி வாசலில் இருந்தது. ஜலதோஷத்துக்குப் பத்து நாளா என்று அவளுக்கு உள்ளுக்குள் எரிச்சல்கூட வந்தது. மூன்றாவது டெஸ்ட்டுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

பதினோராம் நாள் லாண்டரி அறையில் மிச்சிகோ நின்றிருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. ஒரே துண்டை மடிப்பதும் பிரிப்பதும் திரும்ப மடிப்பதுமாக இருந்தாள்.

"ராஜி-சான்," என்றாள். "பேபி..."

"நோ பேபி!" என்றாள் ராஜி. "நீயுமா? ப்ளீஸ், நீயும் ஆரம்பிக்காதே. எங்க அம்மா ஒருத்தி கேக்கறதே போதும்."

இங்கிலீஷில் ஆரம்பித்துத் தமிழில் முடித்துவிட்டாள். கோபத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மிச்சிகோ சிவந்துபோய், "சாரி, சாரி" என்று இரண்டு தரம் குனிந்தாள். அப்புறம் மறுபடி துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் வழக்கம்போல் மிச்சிகோ பதினோரு மணிக்குக் காரில் வந்து உட்கார்ந்தாள். அவள் கைக்குள் இளஞ்சிவப்புப் பட்டில் தைத்த சின்னப் பை ஒன்று இருந்தது. மேலே வெள்ளைக் கயிற்று முடிச்சு, ஒரு குட்டி மணி, ஜரிகையில் ஜப்பானிய எழுத்து. நம் ஊர்த் தாயத்து மாதிரியான சமாச்சாரம் என்று ராஜிக்குப் பார்த்தவுடன் புரிந்தது. "காருக்கா? ஆக்சிடென்ட் ஆகாமல் இருக்கவா?" என்று சைகையோடு கேட்டாள்.

மிச்சிகோ பையைப் பார்த்தாள். ராஜியைப் பார்த்தாள். "யெஸ். ஃபார் கார். சேஃப்" என்று அவளே அதைக் கண்ணாடியில் மாட்டினாள். அதைப் பிரித்து உள்ளே பார்க்கக் கூடாது என்றாள். ஒரு வருஷம்தான் அதற்குப் பலன். பிறகு தன்னிடம் கொடுத்தால், ஊர்க் கோயிலுக்கு அனுப்பி நன்றி சொல்லி எரிக்கச் செய்வதாகச் சொன்னாள். சாமி விஷயம் என்றால் சும்மா விட முடியுமா? டாஷ்போர்டுப் பிள்ளையாரின் நெற்றியிலிருந்து குங்குமம் எடுத்து ராஜி அந்தப் பையிலும் ஒரு பொட்டு வைத்தாள். மிச்சிகோ அதை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

மூன்றாவது டெஸ்ட்டில் ராஜி பாஸ். மிச்சிகோ கைதட்டினாள், பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தனக்காகத்தான் இத்தனை அழுகை என்று ராஜி பூரித்துப்போனாள். ஏப்ரலில் மிச்சிகோவின் கணவருக்கு ஜப்பானுக்கே மாற்றலாகிவிட்டது.

ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் போக இடமில்லை என்பது ராஜிக்கு உறைத்தது. ஐசலினுக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கி வருவாள். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் காரை நிறுத்தி, நியூயார்க் ரயிலில் ஏறுகிறவர்களைப் பார்த்துவிட்டு வருவாள். திருப்பத்தில் மணி கிணுகிணுக்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் சில நாள் தேவையில்லாத திருப்பங்களில்கூடத் திரும்பினாள்.

வருஷம் ஒன்று ஓடியது. மார்ச் மாதம் ராஜி தாயத்தைக் கழற்றினாள். "உன் பையின் மகிமையால் ஒரு கீறல்கூட விழவில்லை" என்று இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டு போஸ்ட் ஆபீஸுக்குப் போனாள். வரிசையில் முன்னால் ஒரு ஜப்பானிய அம்மாள். ராஜி கையில் இருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"கங்ராஜுலேஷன்ஸ்! பேபி எப்போது?"

ராஜிக்குச் சுருக்கென்றது. போஸ்ட் ஆபீஸில்கூடவா? ஆனாலும் வயதுக்கு மரியாதை கொடுத்து, "பேபி இல்லை. இது காருக்கு" என்றாள்.

"இது காருக்கில்லையே," என்றார் அந்த அம்மாள். "சாலைக்கு வேறு, பரீட்சைக்கு வேறு, நோய்க்கு வேறு. என் மகன் புத்தகப் பையில் பரீட்சைக்கானது தொங்குகிறது. இது கர்ப்பிணிகள் வைத்துக்கொள்வது. சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று." ஜரிகை எழுத்தின்மேல் விரல் வைத்துக் காட்டினார். "யார் கொடுத்தார்கள்?"

"ஃப்ரெண்ட். அவளுடையது."

"அவளுக்குக் குழந்தை..." என்று தொடங்கியவர், ராஜியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ராஜி வரிசையை விட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். கறுப்புக் கோட்டு, பிரேக் போட்டதும் வயிற்றுக்குப் போன கை, சாத்திய கதவு, மடித்து மடித்துப் பிரித்த துண்டு எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. அவமானத்தில் காது சுட்டது. ஊரே என்னைக் கேட்கிறது என்று நான்கு வருஷமாகப் புலம்பியவள், தன்னிடம் சொல்ல வந்த ஒருத்தியின் வாயை அடைத்து அனுப்பியிருக்கிறாள். அந்தத் தேசத்தில் மிச்சிகோவுக்கும் சொல்லிக்கொள்ள வேறு யார் இருந்தார்கள்?

வீட்டுக்கு வந்து சிகாகோவுக்கு ஃபோன் செய்தாள். "என்னங்க, அந்தத் தாயத்து காருக்கு இல்லையாம்."

"எந்தத் தாயத்து? ஓ, அதுவா. அதான் டெஸ்ட் பாஸ் ஆயிட்டியே, விடு ராஜி. மீட்டிங் ஸ்டார்ட் ஆகுது, அப்புறம் கால் பண்றேன்."

அவன் கூப்பிடவில்லை. அன்றைக்கு அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. இரண்டு பக்கக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாள். புதுத் தாளில் என்னென்னவோ எழுதி அடித்து, கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. 'அன்றைக்கு லாண்டரி அறையில் நீ பேபி என்றாய். நான் சொல்ல விடவில்லை. மன்னித்துக்கொள். இப்போது சொல்.' தாயத்தோடு அதை மறுநாள் தபாலில் சேர்த்தாள்.

பிறகு தினமும் இரண்டு தடவை தபால் பெட்டியைத் திறந்து பார்த்தாள். காரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சத்தமில்லை. பதில் வராமல் போனால் அதுவும் நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது.

மே மாதம் ஒரு சின்ன உறை வந்தது. உள்ளே நீலப் பட்டுப் பை, அதிலும் ஒரு மணி. கூடவே ஒரு அட்டையில் அழகான, குழந்தைத்தனமான இங்கிலீஷ் எழுத்து.

'ராஜி-சான், இது நிஜமாகவே காருக்கு. பழையதைக் கோயிலில் கொடுத்தேன். சிவப்புப் பொட்டு என்ன என்று கேட்டார்கள். என் சிநேகிதி வைத்தது என்றேன். நான்கு மாதம். பெண் குழந்தை என்று நானாகவே நினைத்திருந்தேன். பெயர்கூட வைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை.'

பெயர் என்னவென்று எழுதியிருக்கவில்லை.

ராஜி அட்டையை எடுத்துக்கொண்டு காருக்குப் போனாள். நீலப் பையைக் கண்ணாடியில் மாட்டினாள். கார் சாவியைத் திருப்பவில்லை. பக்கத்து இருக்கையைப் பார்த்தபடி, "சொல்லு மிச்சிகோ" என்றாள் தமிழில்.