மறுகாலில் கட்டிய வலை

நான் உவரிக் கடற்கரையில் பிறந்தவன். சங்கரன்கோவிலில் பம்புசெட் பழுது பார்க்கிற கடைக்கு வேலைக்கு வந்த புதிதில், இங்கே குளத்தில் மீன் பிடிக்கிறார்கள் என்று கேட்டுச் சிரித்தேன். குட்டையில் கிடப்பதெல்லாம் ஒரு மீனா என்று நினைப்பு. அந்த நினைப்பை எழுபத்தொன்பதாம் வருஷத்துக் கார்த்திகை மழை கழுவிக்கொண்டு போனது.

ஊருக்குக் கிழக்கே, பஸ் திரும்புகிற கடைசிக் கிராமத்தில், சண்முகையா வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். அவன் என் வயதுக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பேச இருந்த ஒரே ஆள். முந்தின வருஷம் இரண்டு பேரும் மணிமுத்தாறு மீன்பண்ணைக்குப் போய்க் கட்லா மீன் குஞ்சுகளைத் தகர அண்டாவில் வாங்கி பஸ்ஸில் ஏற்றினோம். தண்ணீரை அலசிக்கொண்டே இருக்காவிட்டால் குஞ்சு செத்துப்போகும். வழியெல்லாம் மாறி மாறிக் கையை விட்டு அலசினோம்.

“அண்ணாச்சி, உள்ள என்ன, கொழம்பா கொதிக்கி?” என்று கேட்டார் கண்டக்டர்.

“மீனு வே. உயிரோட கொண்டு போறோம்” என்றான் சண்முகையா.

“உயிரோட இருந்தா டிக்கெட் எடுக்கணும்லா.”

அந்தக் குஞ்சுகளை ஊர்க் குளத்தில் விட்டான். ஊர் கேலி செய்தது. வருகிற பங்குனி விட்டு அடுத்த பங்குனியில் நடக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வீட்டுக்கு ஒரு மீன் தருகிறேன் என்று அம்மன் கோயில் முன்னால் வைத்துச் சொல்லிவிட்டான். கோடையில் குளம் வற்றி, மடைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. யாரும் வலை வீசாதபடி கருவை முள்ளை வெட்டி அதில் போட்டு வைத்தான். மீன்கள் பிழைத்தன. மழை தொடங்கியபோது ஒவ்வொன்றும் முழங்கை நீளம் இருந்தது.

குளம் பெருகியது. நிறைந்த குளத்தின் மிச்சத் தண்ணீர் கீழே ஓடைக்கு வெளியேற, படிப்படியாக இறங்கும் ஒரு கல் கட்டு உண்டு. மறுகால் என்பார்கள். அது வழியாக மீன் தப்பிவிடக் கூடாதென்று குறுக்கே கம்பு நட்டு வலை கட்டினான் சண்முகையா.

மழை விட்ட அன்று விடிந்ததும் ஊரே கரையில் நின்றது. இலையும் முள்ளும் வைக்கோலும் வந்து அடைந்து வலை சுவராகிவிட்டது. தண்ணீர் போக வழியில்லை. கரையின் உச்சிக்கு ஒரு சாண்தான் பாக்கி. கரையின் வெளிப்பக்கம் பல இடங்களில் வேர்த்து ஒழுகியது. அதற்குக் கீழே வயல். வயலை ஒட்டி வீடுகள்.

பலருடைய இடுப்பில் அரிவாள் இருந்தது. ஆனாலும் யாரும் வலையைத் தொடவில்லை. கட்டின கைதான் வலையை எடுக்க வேண்டும், வேறு கை பட்டால் குளம் மீன் கொடுக்காது என்பது அந்த ஊர் வழக்கம்.

“ஏலே, இன்னும் எதுக்குலே யோசிக்க?” என்று சண்முகையாவைக் கேட்டார் குருநாதன். அவருடைய வயல்தான் கரையை ஒட்டி முதலில் இருந்தது.

“சருகை அள்ளிக்கிட்டுத்தான் மாமா இருக்கேன். கொஞ்சம் பொறுங்க.”

நானும் இறங்கி அள்ளினேன். ஒரு கை அள்ளினால் நாலு கை வந்து சேர்ந்தது. கரைமேல் நின்ற சண்முகையாவின் மனைவி ஆறுமுகத்தாய் சத்தம் போடாமல் கேட்டாள்.

“வீட்டுக்கு ஒரு மீனுன்னு சொன்னீக. வீடு இருந்தாத்தான மீனு?”

சண்முகையா என் பக்கம் திரும்பினான்.

“நீரு சொல்லும் வே. கடல்ல இப்படி ஆனா என்ன செய்வீரு?”

“வலைய அறுத்து விட்டுட்டு உசிரோட கரைக்கு வருவோம்.”

அவன் குருநாதனிடம் அரிவாளை வாங்கினான். முதல் கயிற்றை வெட்டினான். மூன்றாவது கயிற்றோடு வலை கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு போனது. தண்ணீர் விழுந்த இரைச்சலில் பக்கத்தில் நின்றவர் பேச்சு கேட்கவில்லை. அந்த வெள்ளத்தில் கட்லாக்கள் வெள்ளித் தட்டுகளாகப் புரண்டு புரண்டு கீழ்க்குளம் பார்த்துப் போயின. அவன் ஒன்றைக்கூடப் பிடிக்கக் கை நீட்டவில்லை.

வெயில் ஏறியபோது கரை தப்பித்துவிட்டது. வேகம் குறைந்து, மறுகால் படிக்கட்டில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. சண்முகையா கல்லில் உட்கார்ந்திருந்தான். நான்தான் முதலில் பார்த்தேன்.

கீழேயிருந்து மீன்கள் மேலே வந்துகொண்டிருந்தன.

கெண்டை, கெளுத்தி, உளுவை, எனக்குப் பெயர் தெரியாதவை. விழுகிற தண்ணீருக்கு எதிராக ஒவ்வொரு படியாகத் துள்ளின. விழுந்தன. மறுபடி துள்ளின. ஓரத்தில் தண்ணீர் விரல் கனம்கூட இல்லாத இடத்தில் குறவை மீன்கள் ஈரப் புல்லைப் பிடித்துப் பிடித்து ஊர்ந்து ஏறின. ஓடை கண்ணுக்கெட்டிய தூரம் கறுத்து நெளிந்தது. கடலில் நான் பார்த்த கூட்டத்துக்கு அளவே இல்லை. ஆனால் தண்ணீரில் ஏணிப்படி ஏறுகிற மாதிரி மீன் ஏறி நான் பார்த்ததில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை, ஏனென்று தெரியாமல், அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

கூடையோடு இறங்கினார் குருநாதன். சண்முகையா எழுந்து குறுக்கே நின்றான்.

“ஏறட்டும் மாமா. இன்னைக்கு யாரும் கை வைக்காண்டாம்.”

“உன் மீனெல்லாம் போயாச்சேலே. பங்குனிக்கு ஊருக்கு என்ன சொல்லப் போற?”

“வீட்டுக்கு ஒரு மீனுன்னுதான சொன்னேன். கட்லான்னா சொன்னேன்?”

குருநாதன் அவனைப் பார்த்தார். படியைப் பார்த்தார். பிறகு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகக் கூடையைக் கவிழ்த்தார்கள்.

“வே, இங்கன வாரும்” என்று சண்முகையா என்னைக் கூப்பிட்டு, படியோரத்துத் தண்ணீரைக் காட்டினான். குனிந்து கையை உள்ளே வைத்தேன். விரல்களுக்கு நடுவே சின்னச் சின்ன மீன்கள் வழுக்கி வழுக்கி ஏறிப் போயின.