எருமைப்படை ராணி

தக்ஷாயினி இரண்டு வருடமாக எழுதிய நாவலில் ஒரு ராணி எருமைப்படையோடு வாவியைக் கடந்து போருக்குப் போகிறாள். கொழும்பில் இருக்கும் பதிப்பாசிரியர் றுமைஸாவுக்கு அதில் நம்பிக்கையில்லை. "சேத்துல படுத்துக் கிடக்கிறது எப்படிப் பாயும்? இண்டைக்குப் பன்னிரண்டு மணிக்குள்ள ஒரு வீடியோ அனுப்புங்க. இல்லாட்டி குதிரையா மாத்திடுங்க." குதிரையாமே! இந்தச் சேற்றில் குதிரையை விட்டால் நாலு காலும் புதைந்து நிற்கும்.

அதனால்தான் பழுகாமத்து எருமைப் பட்டிக்காரர் யோகராசாவிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டு, மூங்கில் ஈட்டியோடு, வாவியின் இடுப்பளவுத் தண்ணீரில் எருமை முதுகில் உட்கார்ந்திருந்தாள். இருப்பதிலேயே சாதுவானதைத் தேடிப் பிடித்தவள் அவளேதான்.

"அது கண்டு போட்ட எருமை, புள்ள. வேற ஒண்டுல ஏறு" என்று கரையில் நின்ற கன்றைக் காட்டி அவர் சொன்னார். கேட்டால்தானே!

குதிகாலால் இடித்தாள். "பாய்!" என்று கத்தினாள். எருமை காதை ஆட்டியதோடு சரி. மணி பதினொன்றே முக்கால். புத்தகம் கையை விட்டுப் போகிறதே என்று மறுபடியும் இடித்தாள்.

அப்போது பின்னால் கன்று கத்தியது. தாயைத் தேடித் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. அதற்கு அப்பால் மரக்கட்டை போல ஒன்று மிதந்தது. அது கன்றை நோக்கி நேரே வந்தது.

"முதலை! காலைத் தூக்கு புள்ள, காலைத் தூக்கு!" யோகராசா கைபேசியைக் கரையில் எறிந்துவிட்டுத் தடியோடு ஓடிவந்தார்.

தக்ஷாயினி காலைத் தூக்கிக்கொண்டாள். கொம்பைப் பிடித்து இழுத்தாள். "கரைக்குப் போ, எண்ட அம்மா, கரைக்குப் போ!"

எருமை திரும்பியது. கரைக்கல்ல, முதலைக்கு நேரே. தண்ணீர் அவள் முகத்தில் அறைந்தது. ஈட்டி எங்கே போனதோ! ராணியாம், படையாம்! "கண்ணகை அம்மாளே!" என்று அலறியபடி கழுத்தைக் கட்டிக்கொண்டு போனாள். எருமை முட்டிய முட்டில் முதலை வாலைச் சுழற்றிக்கொண்டு ஆழத்துக்குள் போய்விட்டது.

கரைக்கு வந்ததும் கைபேசியைத் தேடி எடுத்தாள். வீடியோவில் வானமும் கூச்சலும் மட்டும்தான் இருந்தன. சரியாகப் பன்னிரண்டுக்கு றுமைஸா அழைத்தாள்.

"என்ன, பாயுமா பாயாதா?"

"பாயும். ஆனா ராணி சொல்லிப் பாயாது. கடைசி அத்தியாயத்தப் பிழையா எழுதிட்டன்."

"அப்ப ஆரு சொன்னாப் பாயும்?"

தக்ஷாயினி நடந்ததை மூச்சு வாங்கச் சொன்னாள்.

"ஒரு கிழமை தாறன், ஏழு நாள். திருத்தி எழுதுங்க. எருமையே இருக்கட்டும்."

பக்கத்தில் கன்று மடியை முட்டி முட்டிக் குடித்தது. தக்ஷாயினிக்கு அப்போதுதான் அழுகை வெடித்தது.