பெரிய சுருளி

சண்டை முடிந்த வருடம் மலாயாவிலிருந்து திரும்பிய போடிக்காரர் ஒருவர், பெரிய சுருளி செத்துப்போனான் என்று சொல்லிவிட்டுப் போனார். கம்பத்தை ஒட்டிய அந்தச் சிற்றூரிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குப் போன சுருளியாண்டிகள் இரண்டு பேர். வயதில் மூத்தவன், ஊருக்குப் பெரிய சுருளி, ராஜாத்தியின் புருசன். ஊர் கூடி அவள் தாலியைக் கழற்றியது. இளையவனின் மனைவி இருளம்மாள் அன்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மறுவருடம் சோளக்காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த ராஜாத்தியின் முன்னால் செத்தவன் வந்து நின்றான். ஆள் பாதியாகியிருந்தான்.

ராஜாத்தி அவன் கையைத் தொட்டுப் பார்த்தாள். தூக்குச்சட்டியைத் திறந்து கூழை நீட்டினாள். குடித்து முடிக்கும்வரை அவன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப செத்தது யாரு?"

"சயாம்ல ரயில் ரோடு போடச் சப்பான்காரன் எங்கள இழுத்துட்டுப் போனான். அங்கன காலராவுல சின்னவன் போயிட்டான். நாந்தான் எரிச்சேன்."

"பெரிய சுருளின்னு சொன்னாகளே."

"தோட்டத்துல அவந்தான் பெரிய சுருளி. எனக்கு முன்னாடி வேலைக்குச் சேந்தவன்ல. கங்காணி அப்பிடித்தான் கூப்பிடுவாரு."

ராஜாத்தி ஊர்ப்பக்கம் பார்த்தாள். வெள்ளிக்கிழமை இருளம்மாளின் மகளுக்குக் கல்யாணம். இவன் ஊருக்குள் கால் வைத்தால், செத்தது யாரென்றுதான் எல்லோரும் கேட்பார்கள். பிறகு இருளம்மாளை மணவறைப் பக்கம் விடமாட்டார்கள்.

"வருசநாட்டுல ஒங்க தங்கச்சி வீட்டுல போய் இருங்க. சனிக்கிழமை வாங்க."

"கடல் தாண்டி வந்தவன வெரட்டுறியே புள்ள."

"செத்தவுகளுக்கு என்ன அவசரம்?"

அவன் சிரித்துவிட்டான். அவளுக்குத்தான் அழுகை வந்தது.

கல்யாணத்தன்று ராஜாத்தி மாட்டுக்கொட்டத்தின் ஓரம் ஒதுங்கி நின்றாள். தலை நிறையப் பூவோடு இருளம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"உள்ள வாங்கக்கா. பிள்ளைக்குத் துன்னூறு பூசுங்க."

"நாலு பேரு பேசுவாக."

"அந்த நாலு பேருமா எம் பிள்ளைய வளத்தாக? வாங்க."

ராஜாத்தி பெண்ணுக்குத் திருநீறு பூசினாள். பெண்ணின் அப்பன் அடுத்த கப்பலில் வந்துவிடுவான் என்று பின்னால் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் சனம் கலைந்தது. ராஜாத்தி கிளம்பவில்லை.

"இன்னைக்கு இங்கனயே இருந்துக்கிறேன்."

"ஏன், ஒங்க வீட்டுல பேயா இருக்கு?"

"காலையில நான் ஒன்கூட இருக்கணும்."

இருளம்மாள் சமையல் ஏனம் கழுவத்தான் என்று நினைத்துக்கொண்டாள். ராஜாத்தி அவளை உட்காரவைத்து, நாளெல்லாம் நின்ற அவள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து அமுக்கினாள். இருளம்மாள் முதலில் கூசி இழுத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.