கறைத் தொட்டி

விடியும் முன்பே சலவைக்கூடத்தில் கொதிகலன் இரைந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி விரிப்பின் ஒரு முனையை அக்காவும் மறுமுனையைத் தங்கையும் பிடித்து எதிரெதிராக முறுக்கினார்கள்.

"என்னடி, மொதலாளி கழுத்துன்னு நெனச்சு முறுக்குறியா?"

"அதுன்னா ரெண்டு கை போதாதுக்கா."

அக்கா சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் மூச்சு வாங்கியது. இருவரும் சேர்ந்து பிழிந்த கடைசித் துணி அது.

அங்கே பெண்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. மாதவிலக்கு வந்தவள், ஆபரேஷன் துணிகளை அலசும் கறைத் தொட்டிக்குப் போய்விடுவாள். உடையில் கறை பட்டாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஏனென்று கேட்காமல் இடம் விடுவார்கள். அந்தப் பரிவே வினையாயிற்று. மாதக்கணக்கில் அக்கா அந்தத் தொட்டியை விட்டு நகரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கடைசியில் கர்ப்பப்பையில் கட்டிகள் என்று தெரிந்தபோது டாக்டரம்மா சொன்னார்: "ஆபரேஷன்ல ரத்தப்போக்கைக் குறைக்க ஊசி இருக்கும்மா. ஆனா உடம்புல மொதல்ல ரத்தம் இருக்கணும். மாத்திரையில போக்கை நிறுத்தி, இரும்புச்சத்து ஏத்திக்கிட்டு, ஓய்வெடுத்துட்டு வாங்க. அப்புறம் கத்தி வைக்கலாம்."

முதலாளி ஒப்பவில்லை. "ஆபரேஷனுக்கு லீவு தர்றேன். அதுக்கு முன்னாடி சும்மா படுத்துக்கிடக்க எதுக்கு லீவு? போறதுன்னா ஒரேயடியா போயிடு."

அக்கா போகவில்லை. அந்த விடியலில், தங்கையோடு பிழிந்த விரிப்பைக் கொடியில் போடக் கை உயர்த்தியவள் அப்படியே சரிந்தாள். அவசரமாக அறுவை செய்தார்கள். ஊசி போட்டார்கள், நாளங்களைக் கட்டினார்கள், ரத்தம் ஏற்றினார்கள். இழப்பதற்கு அவளிடம் மிச்சம் இருக்கவில்லை.

காரியம் முடிந்து தங்கை வேலைக்குத் திரும்பிய காலையில், கறைத் தொட்டியருகே இஸ்திரிக்காரி நின்றிருந்தாள்.

"எத்தன நாளா இங்க நிக்கிற?" என்று கேட்டாள் தங்கை.

அவள் தலை குனிந்தாள். "போன மாசத்துலருந்து... விடாமத்தான் போவுது."

தங்கை போய் இயந்திரத்தின் விசையை அணைத்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கையைத் துடைத்தார்கள். சத்தம் நின்றதும் முதலாளி ஓடிவந்தார்.

"செத்தவளுக்காகவா ஸ்ட்ரைக்கு?"

"இருக்கிறவளுக்காக. இவ உடம்பு தேறி, ஆபரேஷன் முடிஞ்சு வர்ற வரைக்கும் லீவு. வேலை இவளுக்கே இருக்கணும்."

"எனக்கு ஆளா கெடைக்காது? நாளைக்கே நாலு பேர் வருவாங்க."

"வரட்டும்யா," என்றாள் துணி மடிப்பவள். "அவங்களுக்கும் கர்ப்பப்பை இருக்கும்ல?"

முதலாளி முணுமுணுத்தபடி அறைக்குள் போய்விட்டார். இரண்டு பேர் துணையோடு இஸ்திரிக்காரி ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். மற்றவர்கள் ஈரத்தரையிலேயே வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். அலுப்பில் ஒருத்தி தங்கையின் தோளில் சாய்ந்து கண்ணயர்ந்தாள். தங்கை அசையாமல் இருந்தாள்.

வெளியே வண்டி அன்றைய ஆஸ்பத்திரித் துணி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தது. ரத்தக் கறை பச்சைத் தண்ணீரில்தான் போகும். சுடுநீர் பட்டால் தங்கிவிடும். அது தெரிந்தவர்கள் எல்லாரும் வாசலில் இருந்தார்கள்.